எட்டாவது சர்வர்
அலுவலகம் முழுக்க சாப்ட்வேர் போடுவது எப்படி?

– மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு



"சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணத் தெரியுமா?" என்று நம் பிரிவு மாணவனிடம் யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்... கை தானாகப் போகும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எண்பது கம்ப்யூட்டர். ஏழெட்டு டிபார்ட்மெண்ட். யாருடைய வேலையும் நிற்கக் கூடாது. எதில் போட்டாச்சு, எதில் போடலை என்று மேனேஜர் எந்த நேரம் கேட்டாலும் சொல்ல வேண்டும். தப்பாகப் போனால் பழையபடி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தெரியுமா? இப்போது யாரும் சிரிக்க மாட்டோம்!

இந்த வேலைக்கு டிப்ளாய்மெண்ட் என்று பெயர். தமிழில் சிலர் 'வரிசைப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. 'பரவலாக நிறுவுதல்' என்றால் புரிகிறது. டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதலில் கிடைக்கப்போவது புரோகிராம் எழுதும் வேலை அல்ல. சிஸ்டம் அட்மினுக்கு உதவியாளர், டெஸ்க்டாப் சப்போர்ட் என்ற வேலைகள்தான். அங்கே போன முதல் வாரமே இந்தப் பொறுப்பு நம் தலையில் விழும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றே ஒன்று விட்டுப்போனால்?

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைப் பங்குச் சந்தைக்கு அனுப்பும் அதன் சாப்ட்வேர் எட்டு சர்வர்களில் ஓடியது. 2012 ஆகஸ்ட் 1-ந் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்க இருந்தது. அதற்கான புதிய புரோகிராமை ஜூலை 27 முதல், நாளுக்குச் சில சர்வர் என்று ஏற்றினார்கள். கவனியுங்கள், அவர்கள் அவசரப்படவில்லை. படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். ஆனால் ஏற்றிய டெக்னீஷியன் எட்டில் ஒரு சர்வருக்கு மட்டும் புதிய புரோகிராமைக் காப்பி செய்யவில்லை. இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியும் அங்கே இல்லை.

விட்டுப்போனால் என்ன, பழைய புரோகிராம்தானே ஓடும் என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். அந்த சர்வர்களில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய பகுதி கிடந்தது. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அழிக்கவில்லை. புதிய புரோகிராமை எழுதியவர்கள், பவர் பெக்கை இயக்கிக்கொண்டிருந்த அதே பிளாகை எடுத்துப் புது வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, ஏழு சர்வரில் அந்த பிளாகுக்குப் புது அர்த்தம். எட்டாவது சர்வரில் மட்டும் பழைய அர்த்தம்!

காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சர்வரில் பவர் பெக் கண் விழித்தது. வாங்கியது போதும் என்று அதை நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அதனால் அது நிற்கவே இல்லை. 212 ஆர்டர்களை நிறைவேற்றுவதாக நினைத்துக்கொண்டு, 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்கள் செய்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதைவிட என்னைத் திகைக்க வைத்தவை இரண்டு. முதலாவது, சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8.01 முதல், அந்த சிஸ்டம் தானாக 97 ஈமெயில் அனுப்பியிருக்கிறது. அவற்றில் பவர் பெக்கின் பெயரே இருந்தது. எச்சரிக்கை என்று யாரும் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, பதற்றத்தில் அவர்கள் செய்த காரியம். புதிய புரோகிராம்தான் தப்பு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வரிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். விளைவு? அந்த ஏழிலும் பவர் பெக் எழுந்து உட்கார்ந்துகொண்டது! 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்கு வர்த்தக ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நைட் கேபிடல் கெட்கோ என்ற நிறுவனத்தோடு இணைந்து, தனி நிறுவனமாக இல்லாமல் போயிருந்தது.

பழியை அந்த டெக்னீஷியன் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நாம் உட்காரப்போகும் நாற்காலி அது. எட்டு வரி கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு பேர் கையெழுத்து... இது இருந்திருந்தால் எட்டாவது வரி காலியாகப் பல்லைக் காட்டியிருக்கும்.

லிஸ்ட் வேறு, இருப்பது வேறு

சரி, எட்டு சர்வருக்கே இப்படி என்றால் நம் ஊர் அலுவலகங்களில் எப்படி நடக்கிறது? 2025 கோடையில் நான் இன்-பிளாண்ட் டிரெயினிங் போனது திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு. போன நேரம் நல்ல நேரம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிய இருந்தது. அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரையும் விண்டோஸ் 11-க்கு மாற்ற வேண்டும். சிஸ்டம் அட்மின் அண்ணன் ஒருவர், கூட நானும் இன்னொரு மாணவனும்.

நான் நேராக சி.டி. டிரைவைத் தேடினேன் என்று நினைத்துவிடாதீர்கள்! அண்ணன் முதல் மூன்று நாள் எங்களை எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் போடவிடவில்லை. "தம்பி, ஆபீஸ் லிஸ்ட்ல எண்பதுன்னு இருக்கும். அத நம்பாத. ஒவ்வொரு ரூமா நடந்து போய் எண்ணீட்டு வா" என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

எண்ணினோம். 86 வந்தது. அதிகமாக இருந்த ஆறு எங்கே இருந்தன தெரியுமா? கேட்டில் லாரி நம்பர் பதிவு செய்யும் செக்யூரிட்டி மேசையில் ஒன்று. சாயப் பரிசோதனை லேபில் நிறம் அளக்கும் கருவியோடு ஒட்டிக்கொண்டு ஒன்று. பேக்கிங் செக்ஷனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, பார்கோடு லேபிள் அடிக்கும் பிரிண்டருக்காகவே ஒன்று; அது விண்டோஸ் 7. மற்ற மூன்றும் யாரோ எப்போதோ வாங்கிக் கணக்கில் ஏறாமல் போன லேப்டாப்கள். நிறுவனத்தின் சரக்கு வெளியே போக வேண்டுமானால் அந்தப் பார்கோடு கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டும். லிஸ்டில் அதற்கு இடமே இல்லை.

நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எழுதியவை: இருக்கும் இடம், யார் பயன்படுத்துகிறார், பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், அதில் ஓடும் முக்கிய சாப்ட்வேர், அதோடு இணைந்த கருவி. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. டிஸ்க், டி.பி.எம். 2.0 சிப், செக்யூர் பூட் வசதி, மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும். ஒரு விஷயம், டி.பி.எம். இல்லை என்று விண்டோஸ் சொன்னதும் நம்பிவிடக் கூடாது. பல போர்டுகளில் சிப் இருக்கும், பயாஸில் ஆப் செய்து வைத்திருப்பார்கள். உள்ளே போய் ஆன் செய்தால் போதும்.

கடைசியாக எழுதிய கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது: 'இது ஒரு நாள் ஓடாவிட்டால் என்ன நிற்கும்?' அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் என்றால் டாலி நிற்கும், வங்கி வேலை நிற்கும். மெர்சண்டைசர் கம்ப்யூட்டர் என்றால் வெளிநாட்டு பையருக்கு பதில் போகாது. இந்தப் பதில்களை வைத்துத்தான் எது முதலில், எது கடைசியில் என்று முடிவானது. காலண்டரும் வந்தது. மாதம் 11-ந் தேதியும் 20-ந் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கடைசி நாட்கள். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அக்கவுண்ட்ஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது. கண்டெய்னர் ஏற்றும் நாளில் பேக்கிங் பக்கம் போகக் கூடாது. அப்படியும் ஒரு மெர்சண்டைசர் அக்கா, "ஏனுங்க, இன்னிக்கே பண்ணோணுமா? சாம்பிள் அனுப்பற நாளுங்க" என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. எங்கள் காலண்டரில் சாம்பிள் நாள் விட்டுப்போயிருந்தது, சேர்த்துக்கொண்டோம்.

இன்னொரு கணக்கும் போட்டோம், இது நமக்குப் பிடித்த கணக்கு. ஒரு கம்ப்யூட்டருக்கு இறங்க வேண்டியது 5 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கம்ப்யூட்டருக்கு 400 ஜி.பி. அதாவது 3,200 கிகாபிட். நிறுவனத்தின் இணைய இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட். வகுத்தால் 32,000 விநாடி, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். அதுவும் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இருந்தால்! அதனால் ஒரு முறை மட்டும் இறக்கி, உள்ளே இருக்கும் சர்வரில் வைத்து, அங்கிருந்து லேன் வழியாகக் கொடுத்தோம். விண்டோஸிலேயே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும்.

முதலில் ஐந்து, பிறகு இருபது

முன்னோட்டத்துக்கு ஐந்து கம்ப்யூட்டரை எடுத்தோம். இங்கே பல பேர் செய்வது, கம்ப்யூட்டர் பிரிவில் உள்ள ஐந்தையே எடுத்துக்கொள்வது. அதில் பயனில்லை. நம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் புதுசு, நமக்கோ எது வந்தாலும் சமாளிக்கத் தெரியும். அண்ணன் பிரிவுக்கு ஒன்றாக எடுத்தார். அதில் ஒன்று, நாள்தோறும் ஏதாவது குறை சொல்லி போன் செய்யும் ஒரு சீனியர் கிளார்க்குடையது. "அவரு கண்ணுக்குத் தப்புனது எதுவும் இருக்காது தம்பி" என்றார். நிஜம்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் டி.சி. அடிக்கும்போது வரி அரை அங்குலம் கீழே இறங்குவதை அவர்தான் முதல் நாளே கண்டுபிடித்தார். அந்த பிரிண்டருக்குப் பழைய டிரைவரைத் தேடிப் போட்டோம். இது எண்பது கம்ப்யூட்டரிலும் போட்ட பிறகு தெரிந்திருந்தால்?

ஐந்துக்குப் பிறகு நான்கு நாள் சும்மா இருந்தோம். பிறகு இருபது. பிறகு மீதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'இருபதில் இரண்டு விழுந்தால் நிறுத்து.' முன்பே எழுத வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தால், இன்னும் ஒன்று பார்ப்போம், இன்னும் ஒன்று பார்ப்போம் என்றுதான் மனசு சொல்லும்.

இப்படி வட்டம் வட்டமாகப் போவதற்கு கேனரி முறை என்றும் ஒரு பெயர் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் விஷ வாயு இருக்கிறதா என்று அறிய கேனரிக் குருவியைக் கொண்டுபோன வழக்கத்திலிருந்து வந்த பெயர். பிரிட்டனில் 1986 வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பாவம் குருவி!

வட்டம் போடாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை உலகமே 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சிறிய கோப்பை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பியது. அந்தக் கோப்புக்கான வரையறையில் 21 உள்ளீடுகள். அதைப் படிக்கும் புரோகிராமோ 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கை வைத்தது. சி லேபில் அர்ரேயின் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். இது கெர்னலுக்குள் ஓடும் புரோகிராம், ஆகவே விண்டோஸே விழுந்தது. நீலத் திரை. திரும்ப ஆன் செய்தால் திரும்பவும் நீலத் திரை. 10.57-க்கு, 78 நிமிடத்தில், அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. இது மைக்ரோசாப்ட் சொன்ன எண்ணிக்கை. நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களில் எச்சரிக்கையானவர்கள், 'புதிய பதிப்பு எங்களுக்கு வேண்டாம், ஒன்று பின்தங்கியே இருக்கிறோம்' என்று செட்டிங் வைத்திருந்தார்கள். அவர்களும் விழுந்தார்கள்! அந்த செட்டிங் சாப்ட்வேரின் பதிப்புக்கு மட்டும்தான். தினசரி வரும் உள்ளடக்கக் கோப்புகளை அது கட்டுப்படுத்தவில்லை. நம் வட்டங்களைத் தாண்டி நேராக உள்ளே வரும் வாசல் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் கேட்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த நிறுவனமே உள்ளடக்கக் கோப்புகளையும் கட்டம் கட்டமாக அனுப்பும் முறைக்கு மாறியது.

திரும்பி வரும் வழி

78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்ற பிறகும் ஏன் நாள் கணக்கில் அல்லாடினார்கள்? விழுந்த கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இல்லை. அதற்கு எதையும் அனுப்ப முடியாது. ஒரு ஆள் நேரில் போய், சேப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க எண்ணை முதலில் தட்ட வேண்டும். அந்த எண்களை வைத்திருக்கும் சர்வரும் விழுந்திருந்தால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மாடி மாடியாக ஏறி இறங்கியவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். எனவே மீட்பு எண்கள் பேப்பரில் அச்சாகி பீரோவுக்குள் இருக்கட்டும். நாங்கள் அப்படித்தான் வைத்தோம்.

திரும்பும் வழிக்கும் காலாவதித் தேதி உண்டு என்பது நான் அங்கே கற்ற முக்கியமான பாடம். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினால் பிடிக்கவில்லை என்று பழையதற்கே திரும்பலாம். ஆனால் 10 நாளுக்குள்தான். அதன்பின் பழைய விண்டோஸ் கோப்புகள் தானாக அழிந்துவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். 21-ந் தேதி அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரை மாற்றுகிறோம். அடுத்த ரிட்டர்ன் வேலை தொடங்கும்போதுதான் ஏதாவது ஓடவில்லை என்று தெரியும். அதற்குள் 10 நாள் போய்விட்டிருக்கும். டிஸ்ம் என்ற கட்டளையால் இந்த 10 நாளை 60 வரை நீட்டிக்கலாம். மாற்றி முடித்தவுடன், கெடு தீர்வதற்கு முன், அதைச் செய்துவிட வேண்டும். அக்கவுண்ட்ஸில் 45 வைத்தோம். ஒரு முழு மாதச் சுற்று அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் இந்த வழி விண்டோஸைத்தான் திருப்பும். யாரோ அழித்துவிட்ட டெஸ்க்டாப் கோப்பைத் திருப்பாது. அதற்கு பேக்கப் தனி. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். நைட் கேபிடல் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடமும் திரும்பும் வழி இருந்தது. திரும்பினால் எங்கே போய்ச் சேருவோம் என்றுதான் பார்க்கவில்லை. எங்கள் ஐந்து முன்னோட்டக் கம்ப்யூட்டரில் ஒன்றை வேண்டுமென்றே பழைய விண்டோஸுக்குத் திருப்பி, டாலி திறக்கிறதா, பிரிண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி 11-க்குக் கொண்டுவந்தோம். அரை நாள் போனது. போகட்டும்.

'சக்சஸ்' என்றால் என்ன?

விண்டோஸோடு சேர்த்து மற்ற சாப்ட்வேர்களையும் போட்டோம். எண்பது இடத்தில் நெக்ஸ்ட் அமுக்க முடியாது அல்லவா? எம்.எஸ்.ஐ. வகைக் கோப்பாக இருந்தால், திரையில் எதுவும் கேட்காமல் அமைதியாக நிறுவும் கட்டளை உண்டு. முடிந்ததும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுமை. 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு வா. 1603 என்றால் தோல்வி. காரணத்தை லாக் கோப்பில் போய்த் தேடு. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், இன்டர்வியூவிலும் உதவும்.

0 வந்தாலும் எங்கள் நோட்டில் டிக் விழாது. மறுநாள் காலை அந்த நாற்காலியில் உட்காருபவர் தன் வழக்கமான வேலை ஒன்றை எங்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஒரு பில் அடிக்க வேண்டும், ஒரு மெயில் அனுப்ப வேண்டும். பிறகு நான் போட்டதில் மற்ற மாணவன் கையெழுத்து, அவன் போட்டதில் என் கையெழுத்து. மாலை ஐந்து மணிக்கு அண்ணன் நோட்டை வாங்கி, கையெழுத்து இல்லாத வரிகளை மட்டும் சத்தமாக வாசிப்பார்.

டிரெயினிங் முடியும்போது 86-ல் 71 மாறியிருந்தன. மீதி 15-ல் 12 கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஏற்கும் தகுதி இல்லை. அவற்றில் சிலதைப் புதிதாக வாங்கவும், சிலதற்கு மைக்ரோசாப்ட் பணத்துக்குத் தரும் நீட்டிப்பை வாங்கவும் முடிவானது. நிறுவனங்களுக்கு அந்த நீட்டிப்பு 2028 அக்டோபர் வரை கிடைக்கும். முதல் ஆண்டு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. கூட்டிப் பார்த்தால் மூன்று ஆண்டுக்கு 427 டாலர் ஆகிறது; ஓர் ஆண்டுக்கு மேல் இழுப்பதற்குப் புதுசு வாங்கலாம் என்று அண்ணன் கணக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு லேப்டாப் பழுது. நிறம் அளக்கும் கருவியின் கம்ப்யூட்டர், கருவி விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்தால்தான் தொட முடியும். பேக்கிங் செக்ஷனின் விண்டோஸ் 7-ஐ இணையத்திலிருந்து துண்டித்து, பிரிண்டரோடு மட்டும் விட்டு, மேலே 'பென் டிரைவ் செருகாதீர்' என்று தமிழில் ஒட்டிவைத்தோம். நோட்டில் அந்தப் பதினைந்துக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து யார் எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று எழுதி.